வாய் மூடாத மாமாவும் ஒரு நீர்க்காகமும்

பெயர்தான் சின்னண்ணன். ஆனால் அவன் பாப்பாயிக்குத் தம்பி. ஏழு வயது.

பனமரத்துப்பட்டி ஏரியில் இருக்கிற பறவைகளை அவனைப் போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காலையில் கூழ் குடித்தானோ இல்லையோ, ஏரிக்கரைக்கு ஓடிவிடுவான். நாரை, கொக்கு, முக்குளிப்பான் எல்லாமே அவனுக்குப் பிடிக்கும். உயிர் என்றால் நீர்க்காகம்தான். அது கன்னங்கரேல் என்று இருக்கும். தண்ணீருக்குள் முங்கி மீன் பிடிக்கும். பிறகு மேலே வந்து, இரண்டு இறக்கைகளையும் அகல விரித்து வெயிலில் காய வைக்கும்.

"அம்மா சேலை காயப் போடறாப்பலயே இருக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

இப்போது அவன் சிரிப்பதில்லை. பறவைகளை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று மரத்தில் ஏறி, கீழே விழுந்து, காலை முறித்துக்கொண்டான். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, "சித்திரை வரைக்கும் எந்திரிக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டார். அப்போது மாசி மாதம். ஏரியில் தண்ணீர் வற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, நான் எந்திரிக்கறதுக்குள்ள நீர்க்காகமெல்லாம் வேற ஏரிக்குப் போயிருமா?"

பாப்பாயிக்குப் பொய் சொல்ல வராது. "போயிரும் சாமி" என்றாள்.

சின்னண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அந்த வாரம் அவனைப் பார்க்கச் சென்னியப்ப மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் வீட்டுக்குள் வந்ததுமே பாப்பாயி கேட்டுவிட்டாள்.

"ஏனுங் மாமா, தம்பிக்கு ஒரு நீர்க்காகம் போட்டோ புடிச்சுத் தாரீங்களா?"

"நான் ஆளுங்களைத்தான் புடிப்பேன் கண்ணு. நாற்காலி போட்டா உக்காருவாங்க. பறவை உக்காருமா?"

"இறக்கை காயற வரைக்கும் சும்மா நிக்குமுங்க. உங்க ஸ்டுடியோவுக்கு வர்ற மாப்பிள்ளைகளை விட நல்லாவே நிக்குமுங்க."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். கூடவே பெரிய மரக் காமிரா, அதை நிறுத்த முக்காலி, தலையில் போட்டுக்கொள்ளக் கறுப்புத் துணி எல்லாம் வந்தன.

"சீமையில சண்டை நடக்கற காலம் கண்ணு. போட்டோ புடிக்கற கண்ணாடித் தகடு கிடைக்கறது குதிரைக் கொம்பா இருக்குது. மூணுதான் கொண்டாந்தேன்" என்றார்.

ஒரு தகட்டுக்கு ஒரு படம். அவ்வளவுதான்.

பாப்பாயி அவரைக் கரையோரம் இருந்த கருவேல மரத்துக்கு அழைத்துப் போனாள். எதிரே, தண்ணீருக்குள் ஒரு பட்ட மரத்தின் கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. நீர்க்காகங்கள் காய வருவது அங்கேதான். இருவரும் காமிராவைத் தழைகளால் மறைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஒரு நீர்க்காகம் வந்தது. உடம்பைச் சிலிர்த்தது. இறக்கைகளை விரித்தது.

மாமா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து தகட்டைச் செருகினார். காமிராவின் கண்ணில் இருந்த மூடியைப் பிடித்தார். பிடித்ததும், ஏரியே அதிரும்படி,

"எல்லாரும் அசையாம இங்க பாருங்க!" என்று கத்தினார்.

சடசடவென்று ஏரியில் இருந்த அத்தனை பறவைகளும் எழுந்து பறந்தன. படத்தில் விழுந்தது கட்டை மட்டும்தான்.

"மாமா!"

"ஐயையோ! நானா கத்தலை கண்ணு. கை மூடியைத் தொட்டா வாய் தானாப் பேசுது. பழக்கதோஷம்!"

கட்டைக்கு நீர்க்காகம் திரும்பி வர வெகுநேரம் ஆனது. இந்த முறை மாமா தோளில் கிடந்த துண்டால் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டார். மூடியைத் தொட்டார்.

"ஹெல்லாரும் ஹசையாம ஹிங்க ஹாருங்க!"

துண்டுக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தம் முன்னதை விடப் பயங்கரமாக இருந்தது. ஒரு கிழ நாரை கூடக் கால்களைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தது. இரண்டாவது தகடும் வீணானது.

மாமா துண்டை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"என்னால ஆகாது கண்ணு. இருக்கற ஒன்னையும் எதுக்கு வீணாக்கணும்? போலாம் வா."

பாப்பாயிக்குக் கோபம் கோபமாக வந்தது. என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிய தம்பியின் முகமும் இப்படித்தான் இருந்தது. அவளுக்குக் கோபம் போய்விட்டது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மடியில் அம்மா கட்டிக் கொடுத்த கடலை உருண்டைகள் இருந்தன.

"வெசனப்படாதீங்க மாமா. இதைத் தின்னுங்க. விடியக்காலம் கிளம்புனது, பசிச்சிருக்கும்."

மாமா ஒன்றை முழுசாக வாயில் போட்டார். ஏதோ சொல்ல வந்தார். வெல்லப்பாகு பல்லோடு பல்லாக ஒட்டிக்கொண்டது.

"ம்ம்... ம்ம்ம்."

பாப்பாயி சட்டென்று எழுந்தாள்.

"மாமா, 'எல்லாரும் அசையாம'ன்னு சொல்லுங்க பாக்கலாம்!"

"ம்ம்ம் ம்ம்ம்."

"இன்னும் ரண்டு போடுங்க மாமா!"

மாமாவுக்கும் புரிந்துவிட்டது. இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு உருண்டையை அடக்கிக்கொண்டு காமிராவுக்குப் பின்னால் போய் நின்றார். பாப்பாயி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாரைகள் திரும்பி வந்தன. முக்குளிப்பான்கள் வந்தன. வெயில் ஏறிய பிறகு, நீர்க்காகமும் கட்டையில் வந்து இறங்கி இறக்கைகளை விரித்தது.

மாமா மூடியைத் தொட்டார். கன்னங்கள் உப்பின. கண்கள் பிதுங்கின.

"ம்" என்று மட்டும் ஒரு சின்னச் சத்தம் வந்தது.

மூடியைக் கழற்றினார். மறுபடியும் மூடினார். நீர்க்காகம் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மாமா படத்தோடு வந்தார். அதைச் சின்னண்ணன் கையில் கொடுத்துவிட்டு அம்மாவோடும் பாப்பாயியோடும் கட்டிலருகே நின்றார்.

சின்னண்ணன் படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டான். விரித்த இறக்கையில் ஒவ்வொரு இறகும் தெரிந்தது. அலகின் நுனியில் இருந்த கொக்கி தெரிந்தது. மரத்தில் ஏறிப் பார்த்தபோதுகூட இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்ததில்லை. பின்னால் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது.

ஆனால் அவன் சிரிக்கவில்லை. பாப்பாயிக்குப் பயமாகிவிட்டது.

"ஏன் சாமி, புடிக்கலையா?" என்று அம்மா உரக்கக் கேட்டாள்.

சின்னண்ணன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், உதட்டில் விரலை வைத்தான்.

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றான் ரகசியமாக. "பறந்துரும்."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். மாமாகூட மூடிக்கொண்டார். சத்தமே இல்லாமல் நான்கு பேரும் பறவை பார்த்தார்கள்.