மேற்கே போக மறுத்த நூல்

சாம்பவி கதவைத் திறந்தபோது சுவரில் இருந்த சிவப்பு நூல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஒருவரும் இல்லை. குளிர் தொடங்கியதுமே அப்பா யன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்துவிட்டார். துளிக் காற்றும் உள்ளே வராது. மேல்வீடோ கோடையிலிருந்து வெறுமையாகக் கிடக்கிறது. ஆனாலும் நூல் ஆடியது, யாரோ இப்போதுதான் அதிலிருந்து கையை எடுத்ததுபோல.

"அக்கா," என்றான் தம்பி யதுர்ஷன், அவளுடைய குளிர்க்கோட்டைப் பிடித்துக்கொண்டு. "திருப்பியும் மாறிட்டுது."

மாறித்தான் இருந்தது.

அந்தச் சுவரில் அப்பா ஸ்பெயின் நாட்டின் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டியிருந்தார். வருகிற கோடையில் முழு நாட்டையும் சுற்றிப் பார்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பார்சலோனாவில் தொடங்கி, கடலோரமாக வலென்சியா. அங்கிருந்து தெற்கே கிரனாடா. பிறகு மேற்கே செவில்லே. மாட்ரிட் வழியாக வடக்கே பில்பாவோ. கடைசியாக மேற்குக் கரைப் பக்கம் சந்தியாகோ. ஒவ்வொரு ஊரிலும் வண்ணக் குண்டூசி குத்தி, ஊசியில் எந்தக் கிழமை போய்ச் சேருவது என்று குட்டிக் கொடி கட்டி, ஊசிக்கு ஊசி சிவப்பு நூல் ஓட்டியிருந்தார்.

இப்போது செவில்லே ஊசி செவில்லேயில் இல்லை. அது கிழக்கே ஓடிப்போய், அல்மேரியா என்று ஒரு கடற்கரை ஊரில் குத்தி நின்றது. சந்தியாகோ ஊசியும் எதிர்ப்பக்கமாகப் போய் சரகோசாவில் நின்றது. மேற்கே என்ன இருக்கிறதோ, அதைக் கண்டு நூல் பயந்து சுருண்டதுபோல இருந்தது.

"ஸ்பெயினுக்கு எங்களைப் பிடிக்கேல்லைப்போல," என்றான் யது.

"விசர்க்கதை கதையாத."

சொல்லிவிட்டாள். ஆனால் அவளும் வரைபடத்துக்குக் கிட்டப் போகவில்லை.

மொன்ட்ரியாலில் மார்கழி மாதம் எப்படி என்று தெரியுமா? பள்ளிக்கூடம் விட்டு வீடு வருவதற்குள் வெளிச்சம் போய்விடும். மொன்ட்ரியால்-நோர் பகுதியின் பழைய வீடுகளில் சுவருக்குள் ஓடும் சூட்டுக் குழாய்கள் 'டொங், டொங்' என்று தட்டும். அன்றைக்கும் தட்டியது. பிள்ளைகள் இருவரும் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, சமையலறை மேசைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தார்கள்.

அப்பா இரவிச்சந்திரன் வந்து வரைபடத்தைப் பார்த்தார். அவர் டவுன்டவுனில் கணினி வேலை செய்கிறவர். எதற்கும் காரணம் வேண்டும் அவருக்கு. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ஆர் இது? நேற்று நான் எல்லாம் சரியாக் குத்திப்போட்டுத்தானே படுத்தனான்? யது, இஞ்ச வா."

"நான் இல்லை அப்பா."

"கதிரைக்கு மேல ஏறினியோ?"

"பேய் அப்பா! ஸ்பெயின் பேய்!"

"பேய்க்குக் கிழமை வாசிக்கத் தெரியுமோடா? கொடியோட கொண்டுபோய் வேற ஊரில குத்தியிருக்கு!"

அம்மா நிரோஜா புவாண்ட்-கிளேரில் இருக்கும் தன் அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நேராகப் போய்ச் சாமித் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து, வரைபடத்தின் மூலையில் பூசினாள்.

"பாருங்கோ பிள்ளையள்," என்று அப்பா சிரித்தார். "போன வருசம் புதுக் கார்ச் சில்லுக்கு எலுமிச்சங்காய். இந்த வருசம் ஸ்பெயினுக்குத் திருநீறு!"

யதுவும் சிரித்தான். சாம்பவியும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா ஊசிகளைப் பழைய இடங்களில் குத்தினார். பிறகு விரலை நீட்டிச் சொன்னார்:

"வெள்ளி பின்னேரம் ரெயில் டிக்கெட் எல்லாம் எடுக்கப்போறன். அதுக்குள்ள இன்னொருக்கா ஊசி மாறினா ஸ்பெயின் இல்லை. வழமைபோல டொரண்டோதான். சித்தப்பா வீட்டு நிலக்கீழ் அறை. விளங்குதோ யது?"

யதுவின் கண் நிறைந்துவிட்டது. செய்யாத குற்றம் கண்ணீரைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடும். அன்றிரவு அவன் படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் இல்லை அக்கா," என்று போர்வைக்குள் சொன்னான். சாம்பவி அவன் முதுகைத் தடவினாள். இவன் இல்லை. அது அவளுக்குத் தெரியும். அப்படியானால் யார்?

வியாழக்கிழமை ஊசிகள் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வானமும் நிலமும் ஒரே வெள்ளையாகப் பனி கொட்டியது. அப்பா முதலே வேலைக்குப் போய்விட்டார். சாம்பவி யதுவை அவன் வகுப்பு வரிசையில் விட்ட பிறகுதான், சாப்பாட்டுப் பெட்டியை மறந்தது ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு இரண்டு தெரு. ஓடினாள்.

திறப்பைப் பூட்டில் போட்டு மெதுவாகத் திருகினாள். உள்ளே விளக்கு இல்லை. நீண்ட நடையின் கடைசியில் வரைபடச் சுவர் மங்கலாகத் தெரிந்தது.

'டிக்.'

ஊசி ஒன்று பிடுங்கப்படும் சத்தம்.

சாம்பவியின் கால்கள் வாசல் பாயில் ஒட்டிக்கொண்டன. சுவருக்கு முன்னால் ஓர் உருவம் நின்றது. உயரமாக, தலை மட்டும் பெரிதாக, வெள்ளையாக. முகம் தெரியவில்லை. வெளிறிய ஒரு கை எழும்பி, சிவப்பு நூலைப் பிடித்து இழுத்தது. யாரிடமோ இரகசியம் சொல்வதுபோல மெல்லிய முணுமுணுப்புக் கேட்டது.

கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் மணம் வந்தது. சீயக்காய் மணம்.

வெள்ளிக்கிழமை. தலை முழுகின நாள். அந்தப் பெரிய வெள்ளைத் தலை, ஈரக் கூந்தலைச் சுற்றிக் கட்டிய துவாய்!

"பிள்ளையாரப்பா," என்று முணுமுணுத்தது உருவம். அம்மாவின் குரல். "வெள்ளியும் ஞாயிறும் மேற்கால சூலம். இந்த மனிசன் அந்த ரெண்டு நாளும் பார்த்து மேற்காலதான் போறார். சொன்னா சிரிப்பார். பிள்ளையளும் சேர்ந்து சிரிக்குங்கள். நீதான் பார்த்துக்கொள்."

'டிக்.' சந்தியாகோ ஊசியும் கழன்றது.

அம்மா நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைச் சாம்பவி பார்த்தாள். பேயைப் பார்த்துப் பயந்தவளுக்கு, பயந்துபோயிருக்கும் அம்மாவைப் பார்க்க இன்னும் என்னவோ செய்தது. கூப்பிடலாமா என்று யோசித்தாள். வேண்டாம். சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து கதவைச் சாத்தினாள். சாப்பாட்டுப் பெட்டி உள்ளேயே இருந்துவிட்டது.

மதியம் பள்ளிக்கூடத்தில் தோழி ஷ்ருதி தன் தயிர்சாதத்தில் பாதியைச் சாம்பவிக்குக் கொடுத்தாள். சென்னையிலிருந்து வந்த பெண் அவள். வந்து இது இரண்டாவது குளிர்காலம்.

"ஷ்ருதி, சூலம் எண்டா என்ன?"

"ஒவ்வொரு கிழமையும் ஒரு திசைல சிவனோட சூலம் நட்டுருக்கும்னு சொல்வாங்க. அன்னிக்கு அந்தப் பக்கம் பயணம் போகக் கூடாதாம். ஏன் கேக்கற?"

"வெள்ளிக்கிழமை மேற்கோ?"

"ஆமா. எங்கப்பா அடிக்கடி வேன்கூவர் போவார்ல, வெள்ளிக்கிழமைதான். அது மேற்குதானே?"

சாம்பவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப எப்பிடிப் போறவர்?"

"பிளேன்லதான்!"

"அதில்லையடி! சூலம்?"

"ஓ, அதுவா? வாசல்ல அம்மா ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டு விடுவாங்க. மேற்குக்கு வெல்லம்தான் பரிகாரம். மென்னுக்கிட்டே போயிடுவார். அவ்ளோதான்."

"அவ்வளவுதானோ?"

"அவ்ளோதான்."

சாம்பவி கொஞ்சம் யோசித்தாள். "எங்கட வீட்டில பனங்கட்டிதான் இருக்கு. பனையில செய்யிற வெல்லம். அது காணுமோ?"

"கருப்பட்டியா? தெரியலையே... இனிப்புதானே! வித்தியாசம் கண்டுபிடிக்க சூலத்துக்கு நாக்கா இருக்கு?"

நாலு மணிக்கு வீடு மறுபடி இருண்டு கிடந்தது. நூல் மறுபடி ஆடியது. இந்த முறை சாம்பவி நேராக வரைபடத்துக்குக் கிட்டப் போய், கையைக் கீழே நீட்டிப் பார்த்தாள். சுவரோடு இருந்த ஹீட்டரிலிருந்து சூட்டுக் காற்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. "இவர்தான் ஆட்டுறவர்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் முதுகு சில்லென்றுதான் இருந்தது.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். அல்மேரியாவிலிருந்த ஊசியைப் பிடுங்கினாள்.

"அக்கா!" யது வாயைப் பிளந்தான். "நீதானோ பேய்?"

"இண்டைக்கு மட்டும். போய்ச் சமையலறையில பனங்கட்டிப் போத்தலை எடுத்துக்கொண்டு வா. தின்னாமல் கொண்டு வரவேணும்."

ஊசிகளைப் பழைய இடத்தில் குத்தினால் போதும், அப்பா டிக்கெட் எடுத்துவிடுவார். யதுவும் தப்பிவிடுவான். ஆனால் அம்மா? ஸ்பெயின் முழுக்க, ஒவ்வொரு ரெயிலிலும் பயந்துகொண்டே வருவாளே!

அப்பாவும் அம்மாவும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். பனிக்காக அப்பா போய் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அம்மா வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். கழற்றினாள், கழற்றினாள், நிமிரவே இல்லை. அப்பா நேராகச் சுவரடிக்குப் போனார்.

"ஆ! ஒண்டும் மாறேல்லை!"

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

செவில்லே ஊசி செவில்லேயில் இருந்தது. சந்தியாகோ ஊசி சந்தியாகோவில் இருந்தது. மேற்கே ஓடிய இரண்டு நூல்களிலும், வெள்ளித்தாளில் சுற்றிய குட்டிப் பொட்டலங்கள் தொங்கின. நூலுக்கு நாலு.

"இது என்ன வௌவால் மாதிரி?"

"பனங்கட்டி அப்பா," என்றாள் சாம்பவி. "வெள்ளியும் ஞாயிறும் மேற்கால போறதெண்டா ஒரு துண்டு வாயில போட்டிட்டு வெளிக்கிடவேணுமாம். பேந்து சூலம் ஒண்டும் செய்யாதாம். ஷ்ருதி வீட்டில அப்பிடித்தான்."

அம்மா அவளைப் பார்த்தாள். சாம்பவி வேறெங்கோ பார்த்தாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. "சூலமோ? ஸ்பெயினிலயோ? அங்க..."

"சிரியாதேங்கோ," என்றாள் அம்மா. "நான்தான் மாத்தினது."

குழாய் 'டொங்' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓய்ந்தது.

"அம்மா, நீங்களோ பேய்?" என்றான் யது.

"ஓமடா. நான்தான்." அம்மா சப்பாத்துக் கழற்றும் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சாம்பவி கைக்குழந்தையா இருக்கேக்க, ஊருக்குப் போயிட்டு ஒரு வெள்ளிக்கிழமைதான் நானும் பிள்ளையும் மேற்கால திரும்பி வெளிக்கிட்டனாங்கள். இடையில பிளேன் பழுதெண்டு இறக்கிப்போட்டாங்கள். பிள்ளைக்கு நெருப்பாக் காய்ச்சல். பாசை தெரியாத விமான நிலையம். விடிய விடியப் பிள்ளையை நெஞ்சில போட்டுக்கொண்டு நடந்தன். நீங்கள் இஞ்ச இருந்தனீங்கள். அந்த ராத்திரி எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியாது. சொன்னாச் சிரிப்பியள் எண்டுதான்..." அவள் யதுவைக் கிட்ட இழுத்தாள். "நீ அடி வாங்கேக்கையும் வாய் திறக்காமல் நிண்டிட்டன், என்ர குஞ்சு."

"அடிக்கேல்லை, ஏச்சுத்தான்," என்று யது திருத்தினான்.

அப்பா சிரிக்கவில்லை. யதுவின் முன்னால் முழங்காலிட்டு, "உன்னிலதான் பழியைப் போட்டிட்டன். பிழை என்னிலதான்," என்றார்.

"அப்ப டொரண்டோ இல்லையோ?"

"டொரண்டோ இல்லை."

அப்பா மேசையில் கணினியைத் திறந்தார். ஒவ்வொரு ரெயிலாக வந்தது. வலென்சியா முடிந்தது. கிரனாடா முடிந்தது. அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை மேற்கே போகிற ரெயில். அப்பாவின் விரல் பொத்தானுக்கு மேலே போய், அப்படியே நின்றுவிட்டது.

"இஞ்சரப்பா," என்றார் அம்மாவிடம், திரும்பாமல். "டிக்கெட் எடுக்கேக்கையும் ஒரு துண்டு போட்டாத்தான் நல்லதெண்டு நினைக்கிறன். என்ன சொல்லுறீர்?"

அம்மா போத்தலைத் திறந்து, உள்ளதில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அவர் வாயில் வைத்தாள். அப்பாவின் ஒரு பக்கக் கன்னம் பலூன் மாதிரி உப்பியது. பேசமுடியாமல், சிரிக்கவும் முடியாமல், அவர் பொத்தானை அழுத்தினார்.

கிரனாடாவிலிருந்து செவில்லேக்கு, வெள்ளிக்கிழமை காலை, பக்கத்துப் பக்கத்தில் நாலு இருக்கைகள் கிடைத்துவிட்டன.