சுவருக்கு அப்பால் போன ரயில்

பொம்மிடி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, தெருக்கோடியில் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்கு இளம்பரிதியும் சோபனாவும் ஓர் ஆவணி மாதத்தில் குடிவந்தார்கள். சோபனா நர்ஸ். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகியிருந்தாள். இளம்பரிதி சேலத்தில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவான். கல்யாணமாகி ஆறு வருஷம். வீட்டில் இருவர் மட்டும்தான்.

வீட்டுக்காரர் ராஜாமணி இண்டூரிலிருந்து வந்து சாவி கொடுத்தார். வரிசையாக மூன்று அறைகள். கடைசி அறைக்கு மட்டும் வீட்டுக்குள்ளிருந்து வழி இல்லை. புழக்கடையைச் சுற்றிப் போய்த்தான் அதன் கதவைத் திறக்க வேண்டும்.

"அது சும்மாதாங்க கெடக்குது. ஓதம் அடிக்கும். வெறகு கிறகு போட்டுக்குங்க" என்றார். சொல்லும்போது அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நடு அறையை இளம்பரிதி தன் ரயிலுக்கு எடுத்துக்கொண்டான். படிக்கிற காலத்திலிருந்தே சேர்த்த பொம்மை ரயில்கள் அவை. பொம்மை என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். ஒரு சாண் நீள எஞ்சின், அச்சு அசலான பெட்டிகள், மின்சாரம் ஓடும் தண்டவாளம். செங்கல் அடுக்கி அதன்மேல் ப்ளைவுட் பலகை போட்டு, தெர்மாகோலை அறுத்து வத்தல்மலை மாதிரி ஒரு மலையும் செய்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் பெட்டியின் குமிழைத் திருகினால் ரயில் கிளம்பும்.

இரண்டே மாதத்தில் அறை நிறைந்துவிட்டது. அவனுக்குப் போதவில்லை.

"ரயிலுன்னா கண்ணுக்கு மறையணும் சோபனா. அப்பறம் திரும்பி வரணும். சுவத்துல ஒரு ஓட்டை போட்டு அந்த ரூமுக்குள்ள விட்டா, அங்க ஒரு சுத்து சுத்திட்டு வந்துடும்."

"வூட்டுக்காரரக் கேட்டீங்களா?"

"காலி பண்றப்ப பூசிட்டுப் போயிடலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை உளியை எடுத்தான். தரையை ஒட்டி ஓரிடத்தில் தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தது. இரண்டே அடி. பூச்சு மொத்தமும் பலகை மாதிரி பெயர்ந்து விழுந்தது.

அங்கே ஏற்கெனவே ஓட்டை இருந்தது.

ஓர் அடி அகலம், அரை அடி உயரம். கீழ் விளிம்பு, ஏதோ பல காலம் உரசி உரசிப் போனதுபோல் வழவழவென்று இருந்தது. உள்ளிருந்து ஈரமண்ணும் பழைய துணியும் கலந்த வாடை வந்தது.

"பூனைக்கு விட்டிருப்பாங்க" என்றான் இளம்பரிதி.

கடைசி அறையில் ஒன்றுமே இல்லை. சன்னல்கூட இல்லை. அங்கே பலகை போட்டுப் பாதையை வளைத்து, அதே ஓட்டை வழியாகத் திரும்ப இழுத்தான். ரயில் உள்ளே போய் வெளியே வர இருபத்திரண்டு விநாடி ஆனது. கைபேசியில் நேரம் பார்த்து நோட்டில் எழுதி வைத்தான்.

அடுத்த வாரம் அது இருபத்தாறு ஆனது. அதற்கடுத்த வாரம் நாற்பது.

கண் முன்னால் ரயில் வழக்கமான வேகத்தில்தான் ஓடியது. சுவருக்கு அப்பால்தான் தாமதம். புழக்கடை வழியாகப் போய்ப் பார்த்தான். தண்டவாளம் சுத்தமாக இருந்தது. இணைப்புகள் சரியாக இருந்தன. அறை மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போன இடம்போல் வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு நாள் மாலை அவன் ரயில் ஓட்டிக்கொண்டிருக்க, சோபனா காபியோடு வந்தாள். ரயில் ஓட்டையிலிருந்து வெளிப்பட்டது. கடைசியில் மாட்டியிருந்த திறந்த சரக்குப் பெட்டியில் ஏதோ கிடந்தது. சோபனா குனிந்து எடுத்தாள்.

ஒரு கொண்டை ஊசி. அதில் சுற்றியிருந்த முடியை இழுத்தாள். ஒரு முழத்துக்கு மேல் வந்தது. சோபனாவின் முடி தோள்வரைக்கும்தான்.

"யாருங்க அது?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நான் டூட்டிக்குப் போனப்புறம் இங்க யாரு வர்றா?"

"நீயே வெச்சிட்டு என்னைக் கேக்கறயா? இந்த ரயில எப்படியாவது மூட்ட கட்ட வெக்கணும்னு பாக்கற!"

அன்றிலிருந்து அந்த அறைச் சாவி சோபனாவின் கைப்பையில் இருந்தது. அவள் யாரிடமாவது சாவியைக் கொடுக்கிறாளோ என்று இளம்பரிதிக்குச் சந்தேகம். கதவுக்கும் நிலைக்கும் சேர்த்து ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டு வந்தான். தாள் கிழியவில்லை. ரயில் ஐம்பத்தோரு விநாடி கழித்து வந்தது.

ஒருவர் இல்லாத நேரத்தில் மற்றவர் என்ன செய்கிறார் என்ற நினைப்பிலேயே கார்த்திகை போனது. சாப்பிடும்போதுகூடப் பேச்சில்லை.

கடைசியில் சோபனாதான் ஒரு வழி சொன்னாள்.

"பெருச்சாளியா இருக்கும். அதுதான் முடி கிடியெல்லாம் இழுத்துட்டு வரும். சோறு வெச்சுப் பாப்போம். ரெண்டு பேரும் இங்கயே ஒக்காந்திருப்போம்."

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். வெளியே நல்ல வெயில். சாவியைத் தங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சோபனா ஒரு சிறு உருண்டை தயிர்ச்சோற்றைச் சரக்குப் பெட்டியில் வைத்தாள். இளம்பரிதி குமிழைத் திருகினான். ரயில் மெல்ல ஊர்ந்து ஓட்டைக்குள் மறைந்தது.

இருபது விநாடி. நாற்பது.

ஒரு நிமிஷம்.

சக்கரச் சத்தம் நின்றது.

"தடம் புரண்டிருக்கும்" என்று முணுமுணுத்தபடி இளம்பரிதி பிளக்கைப் பிடுங்கினான். தண்டவாளத்தில் இனி மின்சாரம் கிடையாது. அவன் எழப் போனபோது சோபனா அவன் கையைப் பிடித்தாள்.

"இருங்க."

சக்கரம் உருளும் சத்தம். மெதுவாக. மிக மெதுவாக.

ரயில் வந்தது. போன பாதையிலேயே, பின்பக்கமாக. சரக்குப் பெட்டி முதலில் வந்தது, எஞ்சின் கடைசியில்.

யாரோ தள்ளுகிறார்கள்.

சரக்குப் பெட்டியில் ஒரு பருக்கை இல்லை. விரலால் வழித்ததுபோல் ஈரக்கோடுகள் மட்டும் இருந்தன.

பிறகு சுவருக்கு அப்பால், சிமென்ட் தரையில் தகரம் இழுபடுகிற சத்தம். அது ஓட்டையை நோக்கி வந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஓர் அலுமினியத் தட்டின் விளிம்பு தெரிந்தது. நசுங்கிய, கறுத்த தட்டு. அது இஞ்சு இஞ்சாக வெளியே வந்து, தண்டவாளத்தில் முட்டி, ரயிலைச் சாய்த்துவிட்டு நின்றது.

அந்த அறையில் தட்டு எதுவும் இருந்ததில்லை.

இருவரும் எப்படித் தெருவுக்கு வந்தார்கள் என்று இருவருக்குமே தெரியாது. வெயிலில் நின்று இளம்பரிதி ராஜாமணிக்குப் போன் போட்டான். ஓட்டை என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் கிளம்பிவிட்டார்.

வந்து சேர்ந்தவர் நடு அறை வாசலோடு நின்றுவிட்டார். தட்டைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"என் தங்கச்சி மணிமேகலைங்க. கட்டிக் குடுத்த எடத்துலேர்ந்து புத்தி சரியில்லாம திரும்பி வந்துச்சு. தெருவுல ஓடுது, கத்துதுன்னு எங்கப்பா அந்த ரூமுல வெச்சுப் பூட்டிட்டாரு. ஒம்பது வருஷம். அம்மாதான் இது வழியா தட்டத் தள்ளும். காலித் தட்டு திரும்பி வரும்."

"அப்பறம்?" என்றாள் சோபனா.

"அம்மா செத்துப்போச்சு. சொந்த ஊரு இண்டூர்ல வெச்சு காரியமெல்லாம் பண்ணினோம். பதினாறு நாளும் அங்கதான் இருந்தோம்."

"அந்தப் பதினாறு நாளும் இவங்களுக்கு யாரு சோறு வெச்சது?"

ராஜாமணி தரையைப் பார்த்தார்.

"ஒருத்தர் வந்து வெச்சுட்டுப் போயிருப்பாங்கன்னு இன்னொருத்தர் நெனச்சுட்டோம்மா."

சோபனாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கொண்டு வந்த குடையை அங்கேயே மறந்துவிட்டு, வேகமாக நடந்து போய்விட்டார்.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். பலகை, மலை, தண்டவாளம், ரயில் எதையும் இளம்பரிதி எடுத்து வரவில்லை. வழியில் பஸ்ஸில், "உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்" என்றான். "நானுந்தான்" என்று சோபனா அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

தர்மபுரியில் இரண்டாவது மாடியில் புது வீடு. நல்ல வெளிச்சம், காற்று. சோபனா பொம்மிடிக்கும் இளம்பரிதி சேலத்துக்கும் பஸ்ஸில் போய் வந்தார்கள். பொங்கலுக்குப் பிறகு சிரிக்கக்கூடத் தொடங்கினார்கள்.

மாசி மாதத்தில் ஒரு மாலை, கீழ் வீட்டுக் குள்ளம்மாள் சோபனாவைப் படியில் நிறுத்தினாள்.

"ஏம்மா, வூட்ல இருக்கற அந்தம்மா ஒங்களுக்கு என்ன ஒறவு?"

"எந்தம்மா?"

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் பொழுதுக்கும் செவுத்தத் தட்டிக்கிட்டே இருக்காங்களே. தரையில ஒக்காந்துக்கிட்டு தட்டறாப்பல கேக்குது. பாவம், சோறு கீறு வெச்சுட்டுப் போறீங்களா இல்லயா?"

சோபனா அன்று இரவு கணவனிடம் சொன்னாள். கூடத்தின் கிழக்குச் சுவரை இருவரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சுவருக்கு அப்பால் அறை இல்லை, படி இல்லை, பால்கனி இல்லை. இரண்டு மாடி உயரத்துக்கு வெறும் ஆகாயம்தான்.

காலையில் வீட்டைப் பூட்டுவதற்கு முன் சோபனா ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அந்தச் சுவரை ஒட்டி வைத்தாள். இளம்பரிதி தடுக்கவில்லை.

மாலையில் பஸ் நிலையத்தில் காத்திருந்து, ஒன்றாகவே வீடு வந்தார்கள். இளம்பரிதி பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டான்.

தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.