பந்தி இல்லாத ரிசப்ஷன்

ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நின்றிருந்த பெண்கள் அத்தனை பேரும், டிபன் பையும் கையுமாக, முனியம்மா வீட்டு வாசலுக்கு நகர்ந்து வந்துவிட்டார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. உள்ளே கோவிந்தம்மாள் கத்திய கத்தல் அப்படி!

"இன்னாது... பந்தியே கெடையாதா?"

கோவிந்தம்மாள், முனியம்மாவின் நாத்தனார். தம்பி மகள் நிஷாவின் கல்யாண ரிசப்ஷனுக்கு யோசனை சொல்ல ராணிப்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். அவள் யோசனை சொன்னால் அது உத்தரவு என்பது இந்தத் தெருவுக்கே தெரியும்.

நிஷா செல்போனில் படம் காட்டினாள். "காக்டெய்ல் ஸ்டைல், அத்தை. பயப்படாதீங்க, சரக்கெல்லாம் இல்ல. கலர் கலரா ஜூஸ்தான். எலை, வரிசை ஒண்ணும் கெடையாது. நெஞ்சு ஒசரத்துக்கு ரவுண்டு டேபிள் போடுவாங்க, எல்லாரும் நின்னுகினே பேசலாம். தட்டுல கபாப், கட்லெட்டு சுத்தி வந்துகினே இருக்கும். ஆபித் பாஷா பாய் பிரியாணிகூட சின்னக் கிண்ணத்துல, ஸ்பூன் போட்டு... மாப்பிள்ளை கௌதமுக்கும் ஓகே."

"பிரியாணி... ஸ்பூன்லயா!" கோவிந்தம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஆம்பூரில் பிறந்த எவருக்கும் இதைவிடப் பெரிய அதிர்ச்சி உண்டா? வாசலில் நின்ற பிரிசில்லா சிலுவையே போட்டுக்கொண்டாள்.

"நாள் பூரா கம்பெனில நின்னுட்டு வர்ற ஜனம்டி! கல்யாணத்துலயும் நிக்க வெப்பியா?" என்றவள், சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த முனியம்மா பக்கம் திரும்பினாள். "இது உன் வேலைதான? எங்க வூட்டு ஆளுங்க உக்காந்து சாப்புடறது உனக்குப் பொறுக்கல. வாயே தொறக்காம உள்ளுக்குள்ள இவ்ளோ வெச்சுகினு இருந்தியா நீ!"

"ஐயோ அக்கா... சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது..." முனியம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "ஏங்க, நீங்களாச்சும் சொல்லுங்களேன்..."

அவள் புருஷன் அருணகிரி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவர் வாய் திறந்ததாகத் தெருவில் யாருக்கும் நினைவில்லை.

முனியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தச் சொந்தத்தில் காதுகுத்தோ கல்யாணமோ, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய் வாளி அவள் கையில்தான். முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்திவரை ஓடி ஓடிப் பரிமாறுவாள். எல்லாம் முடிந்தபின் அண்டா ஓரமாக நின்றபடி இரண்டு வாய். 'முனியம்மாவுக்கு உக்காந்தா சோறு எறங்காது' என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தெருவும் நம்பிக்கொண்டுதான் இருந்தது.

"அம்மாவ எதுக்குத் திட்டறீங்க?" நிஷா அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "எல்லாம் நான் பண்ணது. பந்தின்னு ஒண்ணு இருந்தாத்தான அம்மா கையில வாளியக் குடுப்பீங்க?"

வாசலில் டிபன் பைகள் இன்னும் ஒரு அடி உள்ளே நகர்ந்தன.

"உங்க பையன் பூவரசன் மாமா கல்யாணம், அத்தை. அம்மா பக்கத்து எலையில நான் உக்காந்திருந்தேன். எனக்கு ஆறு வயசு. அம்மா மொத கவளத்தப் பெசஞ்சு எடுத்துட்டாங்க. நீங்க வந்து தோளத் தட்டி, 'எந்திரி, சம்பந்தி வூட்டு ஆளுங்க நிக்கறாங்க, நீ நம்மாளுதான'ன்னீங்க. கையில இருந்த சோத்த எலையிலயே வெச்சுட்டு எந்திரிச்சாங்க. அன்னிக்குக் குடுத்த வாளி... இன்னிவரைக்கும் யாரும் திருப்பி வாங்கல!"

"நான்... நம்மாளுன்னுதான..." கோவிந்தம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அதான் எல்லாரும் நிக்கட்டும்னு முடிவு பண்ணேன். எங்கம்மா மட்டும் எதுக்கு நிக்கணும்?"

முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஒருத்தியும் அசையவில்லை. முனியம்மா ஓடிவந்து மகளைக் கட்டிக்கொள்வாள் என்று வாசல் மொத்தமும் முந்தானையைக் கண்ணருகே கொண்டுபோனது. அவளோ கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இது வேணாம்டி."

எல்லோரையும் தூக்கிவாரிப் போட்டது! முனியம்மாவா? வேணாம் என்றா சொன்னாள்?

"நிக்கறது எனக்குப் புதுசா? உன் கல்யாணத்துலயாச்சும் ஒரு எலை முன்னாடி உக்காரணும்னு எத்தினி வருஷமா நெனச்சுகினு இருக்கேன் தெரியுமா... பொண்ணப் பெத்தவளா, மொத பந்தியில. யாராவது குனிஞ்சு, 'இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா'ன்னு என்னைக் கேக்கணும். நீ அந்தப் பந்தியையே தூக்கிட்டியே, கண்ணு!"

"ஏம்மா... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"யாரு கேட்டீங்க?"

அந்த இரண்டு வார்த்தையில் நிஷா தேம்பிவிட்டாள். கோவிந்தம்மாள் தடுமாறி எழுந்து முனியம்மாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ராணிப்பேட்டைக் குரல் எங்கே போயிற்றோ!

"என்னை மன்னிச்சுடு முனியம்மா... எலையில உக்காந்தவள எழுப்பின பாவி நான். மொத எலை உனக்குத்தான். நானே நின்னு பரிமாறறேன்."

"வேணாம்க்கா. உங்கள நிக்க வெச்சுட்டு நான் இன்னாத்த சாப்புடப் போறேன்? பக்கத்து எலையில உக்காருங்க."

கோவிந்தம்மாள் 'ஓ'வென்று அழுதபடி அவள் தோளில் சாய்ந்தாள். நிஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டே டெகரேஷன்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணா, ஒசர டேபிள் ஜூஸ் எடத்துல மட்டும் போதும். உள்ள டைனிங் டேபிள், சேர் போட்டுடுங்க... ஆமாண்ணா, வாழை எலைதான்."

பிரிசில்லாவால் சும்மா இருக்க முடியவில்லை. "எல்லாம் சரி... கத்தரிக்கா வாளி யாரு தூக்கறது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கேள்வியே யாருக்கும் எழுந்ததில்லை.

"நான் தூக்கறேன்."

அருணகிரி! கோவிந்தம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுத் தம்பியை வாய்பிளந்து பார்த்தாள்.

"நீங்களா?" முனியம்மா ஈரக் கண்ணோடு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்கு எவ்ளோ வெக்கறதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் எலையிலேர்ந்து ஆரம்பிக்கறேன். நீ போதும்னு சொல்றப்போ நிறுத்தறேன்."

"சீக்கிரத்துல சொல்ல மாட்டேன்" என்றாள் முனியம்மா.