அடுத்த ஆள்

குளித்து லுங்கி மாற்றிய பிறகும் லோகநாதனின் நகக்கண்ணில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. பழைய கறையாயிருந்தால் பரவாயில்லை. இது புதுசு. சோப்புப் போடப்போட, சுட்ட இரும்பு வாசனையோடு இளஞ்சூடாகக் கசிந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஓட்டுகிறவன் அவன். காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்புத் தலை இறங்கித் தகட்டை வெட்டும். இரவும் பகலுமாக மிதித்து, போன மாதம் மெஷின் மேலேயே சரிந்தான். இன்னொரு முறை விழுந்தால் எழமாட்டாய் என்றார் டாக்டர். கம்பெனி பெருந்தன்மையாக ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்பியது.

வேலைக்குத் திரும்பிய அன்றே ஃபோர்மேன் ஜெயராமனிடம் சொல்லிவிட்டான். "அண்ணாத்தே, இனிமே அஞ்சு மணிக்குக் கெளம்பிடுவேன். ஓவர்டைம் வேணாம்."

"போயேன். ஆனா அடுத்த ஆளு வந்து மெஷின்ல கை வெச்சாத்தான் நீ எறங்கணும். இங்க அதான வயக்கம்?"

"அடுத்த ஆளே போடலியே நீங்க?"

"அதான் சொல்றேன்."

யாரும் கை வைக்காமலே இறங்கி, மேனாம்பேட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். மகள் வசந்தா விழித்திருக்கும்போது அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று!

மறுநாள் காலை ஜெயராமன் முதுகில் தட்டினார். "கில்லாடிப்பா நீ! வேணாம்னு வீம்பு பண்ணிட்டு ராவெல்லாம் ஓட்டிக்கினு இருந்தியே. வெட்டுன தகடு தொட்டி ரொம்பி வயியுது."

"நான் ஊட்ல இருந்தேன்."

"இருந்த, இருந்த."

அன்று மாலைதான் கையில் இந்த எண்ணெய். ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமென்று சைக்கிளை எடுத்தான். முன்கம்பியில் வசந்தா தொற்றிக்கொண்டாள்.

கேட்டில் வாட்ச்மேன் இல்லை. "இங்கயே நில்லு கண்ணு. தோ வந்துர்றேன்."

"சீக்கிரம் வா நைனா. பயமா கீது."

ஷெட்டில் விளக்கில்லை. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே மங்கிய கடைசி வெளிச்சம் தரையில் சிந்திய எண்ணெயில் மினுங்க, அணைத்துவிட்டுப் போன அவனுடைய மெஷினிலிருந்து, அவன் மிதிக்கும் அதே தாளத்தில், சத்தம் வந்துகொண்டிருந்தது. தட். தட்.

ஸ்டூலில் ஒரு முதுகு.

அவனுடைய முதுகு. சட்டைத் தோளில் மனைவி கண்ணம்மா தைத்துக் கொடுத்த அதே ஒட்டு.

அது திரும்பவில்லை. பக்கவாட்டில் போய்ப் பார்த்தான்; இமைக்கவில்லை. விரல்கள் இரும்புத் தலைக்கு நூலிழை தூரத்தில் போய்ப்போய் வந்தன.

அணைக்க வேண்டும். சுவிட்ச் அந்தப் பக்கம். எட்டியவன், பழக்கதோஷத்தில், மெஷினில் கை வைத்தான்.

சத்தம் நின்றது.

அது இறங்கியது. "ஊட்டுக்குப் போறேன்," என்றது, அவன் குரலில். "டாக்டரு சொல்லிக்கீறாரு."

லோகநாதன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எப்போது உட்கார்ந்தான்? தெரியவில்லை. கால் பெடலில். எழப் பார்த்தான். எழ முடியவில்லை. தட். கத்த வாயைத் திறந்தான். தட்.

சன்னலுக்கு அப்பால், கேட்டில், அது சைக்கிளை எடுத்தது. வசந்தா ஓடிப்போய் முன்கம்பியில் ஏறினாள். அதன் மார்பில் தலை சாய்த்துக்கொண்டாள். சைக்கிள் மேனாம்பேட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஆளில்லாத அயனம்பாக்கம் ஏரிப் பாதையில் இறங்கியது.

தட்.

இருட்டில் கடைசியாகத் தெரிந்தது, அதன் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்த சின்னக் கை.