உள்ளே யாரைத் தெரியும்?

ஒப்பந்த மன்றத்துக்குள் போகிறவர்கள் உணர்ச்சிகளை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது செவ்வாய்க் குடியிருப்பின் சட்டம். காவலர் காதுக்குப் பின்னால் ஒரு சிறு கருவியை அழுத்துவார். தோலுக்கடியில் பதித்திருக்கும் உணர்வடக்கி விழித்துக்கொள்ளும். பயம், ஆசை, கோபம் எல்லாம் அடங்கிவிடும். கெஞ்சலும் மிரட்டலும் இல்லாமல் அரசு வேலைகள் தகுதியானவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று முதல் குடியேறிகள் செய்த ஏற்பாடு.

திலகவதிக்கு அது பழகிப்போயிருந்தது. சிறு பட்டறைக்காரர்களுக்கு ஒப்பந்தப்புள்ளி தயாரித்துக் கொடுத்து, அவர்களோடு உள்ளே போய்ப் பேசுவது அவள் தொழில். வருடக்கணக்கில் போய் வந்ததில், அடக்கியை அணைத்த பிறகும் மரத்தது சட்டென்று விடுவதில்லை. தங்கை இறந்த செய்தி வந்தபோது அவள் மன்றத்துக்குள் இருந்தாள். வெளியே போனதும் அழுகை வரும் என்று காத்திருந்தாள். இன்னும் வரவில்லை.

அன்று அவளோடு வந்தவள் பல்கீஸ். குடியிருப்பின் மூடிய பகுதிகளில் ஒன்றான கிழக்குக் கூடத்தில் நாலு பேரை வைத்துக் காற்று வடிகட்டி செய்கிறவள். குடியிருப்பு முழுவதற்கும் வடிகட்டி போடும் வேலையைத் தலைமுறையாக ஒரே பெருநிறுவனம்தான் வைத்திருந்தது. அதன் வடிகட்டிகள் செந்தூசியில் பாதியைப் பிடித்து மீதியை வீட்டுக்குள் விட்டன. கிழக்குக் கூடத்துப் பிள்ளைகள் இருமிக்கொண்டேதான் வளர்ந்தார்கள், பல்கீஸின் மகள் உட்பட.

"இந்தத் தடவையும் கிடைக்கலைன்னா பட்டறையை மூட வேண்டியதுதான்க்கா." வாசலில் பல்கீஸின் குரல் நடுங்கியது.

"உள்ள போனதும் நடுக்கம் போயிடும். நான் பேசிக்கறேன்," என்றாள் திலகவதி.

உள்ளே அதிகாரி என்று யாரும் இல்லை. வெள்ளைச் சுவரிலிருந்து மதிப்பீட்டான் பேசும். அந்த இயந்திரத்துக்குப் பசி, பிள்ளைகுட்டி, சொந்த ஊர் எதுவும் கிடையாது. அதனால் லஞ்சமும் கிடையாது. பூமியில் காலங்காலமாக நடந்த ஒப்பந்தங்களின் பதிவுகளைப் படித்து, எப்படிப்பட்டவருக்கு வேலை கொடுப்பது என்று தானாகவே கற்றுக்கொண்டது.

"அரசு வேலை செய்த முன் அனுபவம்?" என்று கேட்டது.

சிறியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அனுபவம் இருந்தால்தான் வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும். இதைத் தாண்டுவதற்காகவே கிழக்குக் கூடத்து அரசுப் பள்ளியில் பல்கீஸை இலவசமாக வடிகட்டி மாட்ட வைத்திருந்தாள் திலகவதி.

"அரசுப் பள்ளிக்கூடத்துல மாட்டியிருக்கோம். அதுக்கப்புறம் இருமலுக்குன்னு அங்க ஒரு பிள்ளைகூட லீவு போடல."

சுவரில் பள்ளியின் வருகைப் பதிவேடு ஓடி மறைந்தது.

"சரிபார்த்தேன். ஏற்கிறேன். இப்போது இரு நிறுவனங்களுக்கும் சம மதிப்பெண். எந்தச் சிறு நிறுவனமும் இதற்குமுன் இந்தக் கட்டத்துக்கு வந்ததில்லை. கடைசியாக ஒரு கேள்வி. இங்கே உள்ளே உங்களுக்கு யாரைத் தெரியும்?"

பல்கீஸ் திரும்பித் திலகவதியைப் பார்த்தாள். அடக்கியால் பல்கீஸின் முகத்தில் கலக்கம்கூட வரவில்லை.

"இப்படியொரு கேள்வி விதியில இல்லையே," என்றாள் திலகவதி.

"விதியில் இல்லை. பதிவுகளில் இருக்கிறது. பூமியில் மதிப்பெண் சமமானபோதெல்லாம், உள்ளே ஒருவரைத் தெரிந்தவருக்கே வேலை போயிருக்கிறது. இவ்வளவு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதால் அது ஒரு முக்கியமான தகுதியாகத்தான் இருக்க வேண்டும். பெருநிறுவனம் ஆளுநரின் மைத்துனர் பெயரைத் தந்திருக்கிறது."

கோபம் வர வேண்டிய இடம். திலகவதிக்கு எதுவும் வரவில்லை. அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் பட்டறைக்காரர்கள். இந்தக் கட்டடத்துக்குள் இருப்பது யார் என்று நிதானமாக யோசித்தாள்.

"உங்களைத் தெரியும்," என்றாள் சுவரைப் பார்த்து. "இத்தனை வருஷமா வாரம் தவறாம வந்துட்டுப் போறேன். நீங்க எனக்குப் பழக்கம்தான்."

"ஆம்," என்றது மதிப்பீட்டான். "மைத்துனர் ஒருமுறைகூட இங்கே வந்ததில்லை. வேலை பல்கீஸின் பட்டறைக்கு."

வெளியே வந்து அடக்கியை அணைத்ததும் பல்கீஸ் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதபடியே சிரித்தாள். திலகவதியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தனக்கும் ஏதாவது வருகிறதா என்று திலகவதி பார்த்தாள். கையில் ஈரம் மட்டும் தெரிந்தது. வடிகட்டியால் ஜெயித்தோமா, பழக்கத்தால் ஜெயித்தோமா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதுவும் வலிக்கவில்லை.

புது வடிகட்டிகள் ஒவ்வொரு கூடமாக ஏறின. பிள்ளைகளின் இருமல் குறைந்தது. ஒரு காலை திலகவதி கதவைத் திறந்தபோது தெரு முனைவரை ஆட்கள் நின்றார்கள். குழாய் செய்கிறவர்கள், விளக்கு செய்கிறவர்கள், சமையல்கூடம் நடத்துகிறவர்கள். எல்லோருக்கும் முன்னால் அந்தப் பெருநிறுவனத்தின் மேலாளர் தட்டு நிறையப் பூமி மாம்பழங்களோடு நின்றார்.

"ஒண்ணுமில்லைங்க, பொருள் தரமா இருந்துச்சு," என்று திலகவதி விளக்க ஆரம்பித்தாள். "முதல்ல பள்ளிக்கூடத்துல மாட்டிக் காட்டினோம்..."

"அதெல்லாம் சரிதாம்மா." மேலாளர் தட்டை அவள் கையில் திணித்து, குரலைத் தாழ்த்தினார். "அந்த மதிப்பீட்டான் உங்களுக்கு ரொம்ப வேண்டியவராமே? நம்மளைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க."