அகர வரிசையில் கடைசிப் பெயர்

யூரோப்பா நிலவின் பனிக்கட்டிக்கு அடியில் இருந்த பல்கலைக்கழகத்தில், ஒன்பதாம் மேசையில் அன்று இருந்தவர்கள் நால்வர். சூடேற்றியை ஒட்டி அமுதன். அவனுக்கு அடுத்து சகாயமேரி. மின்செருகிக்குப் பக்கத்தில் நம்பி. மனிதர்கள் எப்படிக் கூடி வேலை செய்கிறார்கள் என்று கற்றுக்கொள்ளச் சேர்க்கப்பட்ட இயந்திர மாணவன். கதவிடுக்குக் குளிரில் ஹரிணி. இருக்கை, அறிக்கை, வருகைப்பதிவு எல்லாமே அங்கே அகர வரிசைதான். 'ஹ' எல்லா எழுத்துக்கும் பின்னால்தானே வரும்!

அதுதான் அவள் வயிற்றெரிச்சல். பனித்துளை அளவுகளை மூன்று மாதம் ஒற்றை ஆளாகச் சரிபார்த்தவள் அவள். அமுதன் செய்ததெல்லாம், கூட்டத்துக்குக் கூட்டம் "சூப்பர், அப்படியே போகலாம்" என்றதுதான். ஆனால் ஆய்வறிக்கையின் அட்டையில் முதல் பெயர் அவனுடையது. ஆசிரியர்கள் வாயில் அது "அமுதன் ஆய்வு" ஆகிவிட்டது.

இப்போது, பனிக்கு அடியில் கிடக்கும் கடலுக்குள் முதன்முதலாக இறங்கும் கலத்தில் இந்தக் குழுவுக்கு ஓர் இருக்கை. அதிகம் உழைத்தவர் யார் என்று ஒவ்வொருவரும் கடிதம் எழுத வேண்டும். தன் பெயரை எழுதக்கூடாது. நெற்றியில் பதித்த கணினிச் சில்லில் நினைத்தது பக்கத்தில் இருப்பவரின் சில்லுக்குக் கசிந்துவிடும். அதனால் இரகசியம் என்றால் அங்கே இன்னும் காகிதமும் உறையும்தான்.

"என்ன ஹரிணி, யார் பேர எழுதப் போற?" அமுதன் கண்ணடித்தான்.

"உன் பேரத்தான் ஊரே எழுதுதே. நான் வேற எதுக்கு?"

"பாத்தியா மேரி, இவ எரியிற எரிச்சலுக்கு சூடேத்தியையே அணைச்சிடலாம்."

"எனக்கெதுக்குப்பா வம்பு," என்று சகாயமேரி முழங்கையால் தன் தாளை மறைத்துக்கொண்டாள்.

சகாயமேரியின் பெயரை எழுதலாம். வரைபடங்கள் அவள் போட்டவை. ஆனால் அவள் கடலைப் பார்ப்பதை நினைக்கவே ஹரிணிக்குப் பொறுக்கவில்லை. நம்பியைப் பார்த்தாள். மூன்று மாதமும் மின்னேற்றிக்கொண்டு தலையாட்டியவன். இயந்திரத்துக்கு எவன் இருக்கை தருவான்? எனக்கில்லாதது எவருக்கும் வேண்டாம். தேதி, பொருள், காரணம் மூன்று என ஒழுங்காக எழுதி, நம்பி என்று முடித்தாள்.

மறுநாள் ஒலிபெருக்கி அறிவித்தது: "நம்பிக்கு மூன்று கடிதம். ஹரிணிக்கு ஒன்று. இருக்கை நம்பிக்கு." விதியில் 'குழு உறுப்பினர்' என்றுதான் இருந்தது. மனிதர் என்று எங்குமே இல்லை.

"அடிப்பாவி, நீயுமா?" என்றான் அமுதன், சகாயமேரியிடம்.

"நீ மட்டும் என்ன யோக்கியமாம்?" என்றாள் சகாயமேரி.

ஹரிணி மெல்லக் கேட்டாள். "அப்ப எனக்கு எழுதினது?"

"நான்தான்," என்றான் நம்பி. "பதிவுல வேலை முழுக்க உங்களோடதா இருந்துச்சு. ஆனா மனுஷங்க மூணு பேரும் வேற மாதிரி எழுதியிருக்கீங்க. குழுவேலைன்னா என்னன்னு நான்தான் தப்பாப் புரிஞ்சிருக்கேன். இப்பத் திருத்திக்கிட்டேன்."

பிறகு ஒரு வெற்றுத் தாளை அவள் பக்கம் தள்ளினான்.

"ஏற்புக் கடிதம் இன்னைக்கே போகணுமாம். நீங்க எழுதினா நல்லா வரும், ஹரிணிக்கா. நான் கையெழுத்து மட்டும் போட்டுடறேன்."

ஹரிணி எழுதினாள். 'என் அயராத உழைப்பை மதித்த நிர்வாகத்துக்கு' என்று தொடங்கி ஒரு பிழையும் இல்லாமல் எழுதினாள். நம்பி படித்துப் பார்த்து, "சூப்பர்," என்று கையெழுத்திட்டான். அவள் உறையை ஒட்டி, அஞ்சல் குழாயின் வாயில் வைத்தாள். காற்று அதை உறிஞ்சிக்கொண்டு போனது.