நிறுத்தாமல் மாற்றுதல்

மூன்று முறை கூப்பிட்டும் எலி திரும்பவில்லை.

ஆறு வயது மகளுக்கு வீட்டில் அதுதான் செல்லப்பேர். படுக்கையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கிரேயானால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். காது மந்தமான குழந்தை இல்லை. அடுத்த அறையில் பிஸ்கட் உறை பிரிக்கும் சத்தத்துக்கு எழுந்து வருகிற காது அது. காய்ச்சலில் இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகாமல் கிடக்கிறாளே, ஏதோ கோபம் போலிருக்கிறது என்று நினைத்தபடி, மருந்து ஊற்றிய மூடியைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு அவன் அறை வாசலிலேயே நின்றான். பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் மேகம் கவிந்து, அறை முழுக்கச் சாம்பல் நிறத்தில் இருந்தது. சன்னல் வழியே ஈரச் சிமெண்ட் வாசனை வந்தது.

"ஏய் எலி! மருந்து குடிக்க வா."

கிரேயான் தாளில் உரசும் சத்தம் மட்டும்.

விளையாட்டாகத்தான் அந்தச் சொல் அவன் வாயில் வந்தது. "பூனை?"

சட்டென்று திரும்பினாள். "என்னப்பா?"

"எலின்னு கூப்பிட்டா காதுல விழலையா?"

"எலியா? யாருப்பா அது?"

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

பூனை என்ற சொல்லை அவன் கால் மணி நேரத்துக்கு முன்புதான் முதன்முதலாக எழுதினான். அதையும் அவளிடம் சொல்லவில்லை. கணினியில், ஜாவா நிரலில் எழுதினான்.

எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வளாகத்தின் வாசல் காவலருக்குக் காட்டும் ஒரு வலைச்செயலியை வீட்டிலிருந்தபடி செய்துகொண்டிருந்தான். இரண்டு வாரமாக அது அவன் உயிரை வாங்கியது. ஒரு வரியைத் திருத்தினால் சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட வேண்டும். அதற்கு நான்கு நிமிடம். விவரங்களைச் சேமித்து வைக்கும் பகுதியை இன்னும் எழுதாததால், ஒவ்வொரு முறையும் பட்டியல் காலியாகிவிடும். சோதனைக்காகத் தன் வீட்டு ஆட்களையே அதில் போடுவது அவன் வழக்கம். அவன் தொழிலில் முக்கால்வாசிப் பேர் செய்கிற காரியம்தான். அப்பா, அம்மா, எலி; ஒவ்வொருவருக்கும் பேர், வயது, 4பி என்ற வீட்டு எண். ஒரு நாளைக்கு முப்பது தடவை மூன்று பேரையும் புதிதாகத் தட்டச்சு செய்து விரல் தேய்ந்துபோனது.

அதனால் இன்று காலை மற்ற வேலையை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஓடும்போதே நிரலை மாற்றும் ஏற்பாட்டைச் செய்தான். சர்வரைப் பிழை தேடும் 'டீபக்' முறையில் ஓடவிட்டு, நிரல் எழுதும் எடிட்டரை அதோடு இணைத்து, திருத்தியதைச் சேமித்த கையோடு அது ஓடுகிற சர்வருக்குள் போய் உட்காரும்படி அமைத்தான். ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றுவது மாதிரி வேலை. அது நடக்கிறதா என்று பார்க்க, எலி என்று வரும் இடத்தில் பூனை என்று காட்டச் சொல்லி ஒரு வரி எழுதிச் சேமித்தான். சர்வர் நிற்கவில்லை. பட்டியல் அழியவில்லை. மூன்றாவது வரியில் பூனை என்று வந்தது. தனியாக உட்கார்ந்து கையைத் தட்டிக்கொண்டான்.

போன் அடித்தது. மனைவி. மருந்துக்கடையில் மருந்தாளராக இருப்பவள், மதிய வேளை ஓய்வாக இருக்கும்போது அழைப்பாள்.

"மருந்து குடுத்தீங்களா? பூனை என்ன பண்றா?"

"யாரு?"

"யாருன்னா? நமக்கு எத்தனை பொண்ணு இருக்கு? பூனைதான். தூங்குறாளா?"

"நீ... நாம அவளை எப்பவும் அப்படியா கூப்பிடுவோம்?"

"உங்களுக்கும் காய்ச்சலா? பொறந்ததுலேருந்து அதானே பேரு. சரி, கஸ்டமர் வந்துட்டாங்க, வைக்கிறேன்."

மருந்து மூடி கையில் இருப்பதையே மறந்திருந்தான். பிசுபிசுவென்று விரலிடுக்கில் இறங்கியது. நேராக மேசைக்குப் போய் அந்த ஒரு வரியை அழித்துச் சேமித்தான்.

திரையில் ஒரு சிறு பெட்டி எழுந்தது. பழைய நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, மாற்றம் முழுதாகப் பொருந்தவில்லை என்று அதில் இருந்தது. கீழே மூன்று பொத்தான்கள்: தொடர், நிறுத்து, மறுபடி தொடங்கு. இந்த மாதிரிப் பெட்டிகளை இந்தத் தொழிலில் யாரும் படிப்பதில்லை. அவன் விரலும் படிக்கவில்லை. 'தொடர்' என்பதை அழுத்திய பிறகுதான் கண் அந்த வரிகளுக்கு வந்து சேர்ந்தது.

பரவாயில்லை. மூன்றாவது வரியில் எலி என்று வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டான்.

"எலி?"

"என்னப்பா?"

படுக்கையறையிலிருந்து ஒரு குரல். குளியலறையிலிருந்து ஒரு குரல். ஒரே நேரத்தில்.

ஃபிரிட்ஜின் முனகலும், சன்னல் தகட்டில் எங்கோ சொட்டும் நீரும், தன் காதுக்குள் ரத்தம் இரைவதும் தனித்தனியாகக் கேட்கும் அளவுக்கு அவன் அசையாமல் இருந்தான். பிறகு எழுந்து நடந்தான். படுக்கையறையில் அவள் இருந்தாள்; அதே இடம், அதே தாள், கிரேயானைப் பிடித்த கை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

"அப்பா, கதவைத் திறக்க முடியலப்பா," என்றது குளியலறைக் குரல்.

கதவு பாதி திறந்தே கிடந்தது. தள்ளினான். உள்ளே யாருமில்லை. பக்கெட்டில் இருந்த தண்ணீர் மட்டும், யாரோ இப்போதுதான் கை எடுத்தது போல, வட்டம் வட்டமாக ஆடியது.

"இருட்டா இருக்குப்பா."

அவன் இடுப்பு உயரத்திலிருந்து, நேர் எதிரே இருந்து வந்தது அது. கையை நீட்டினான். விரலில் எதுவும் படவில்லை, ஆனால் அந்த இடத்துக் காற்று மட்டும் சுட்டது. நேற்று ராத்திரி முழுக்க அவன் உள்ளங்கையில் உணர்ந்த அதே காய்ச்சல் சூடு.

"எலி. கண்ணு. எங்கடா இருக்க?"

"இங்கதான்ப்பா. நீ ஏன் என்னைப் பார்க்கவே மாட்டேங்குற?"

பின்னால் பாதங்கள் தரையில் ஒட்டி எடுக்கும் சத்தம். படுக்கையில் இருந்தவள் வந்து நின்றிருந்தாள்.

"யாருகிட்ட பேசுற? எலி நான்தானே?"

அவள் நெற்றியைத் தொட்டான். சில்லென்று இருந்தது.

பதினைந்து வருடப் பழக்கம் மண்டைக்குள் தானாக வேலை செய்தது. எதுவும் குழம்பினால் மறுபடி தொடங்கு. அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். ஆனால் மறுபடி தொடங்கினால் பட்டியல் காலி. மூன்று பேரும் காலி. சிரிப்பாக நினைத்துப் பார்க்க முயன்றான். சிரிப்பு வரவில்லை. முதலில் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிவிட வேண்டும். பிறகு மறுபடி தொடங்கும்போது அதிலிருந்து படித்துக்கொள்ளும். இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்ட வேலை.

லேப்டாப் முன்னால் போய் விழுந்தான். எழுதுவதற்கென்று தனியாக ஒரு பகுதி சேர்த்தான். சர்வர் ஏற்கவில்லை. ஓடுகிறவற்றில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது, உள்ளதை மட்டுமே மாற்றலாம் என்றது. பட்டியலைக் காட்டும் பகுதிக்குள்ளேயே அந்த வரிகளைத் திணித்தான். ஏற்றது. பக்கத்தைப் புதுப்பித்தான். கோப்பு வந்தது.

மூன்று வரிகள்.

அப்பா, 38, 4பி.
அம்மா, 36, 4பி.
எலி, 6, 4பி.

எலி. எலி என்றுதான் இருந்தது. பூனை இல்லை. அவன் கண் கலங்கியது. கோப்பைப் படிக்கும் வரிகளையும் எழுதி முடித்தான்.

"அப்பா, சீக்கிரம் வாப்பா. மூச்சு முட்டுது."

"ஒரே நிமிஷம்டா கண்ணு. அப்பா இதோ வந்துட்டேன். பயப்படாத."

அந்த மற்றவள் நாற்காலியின் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

மறுபடி தொடங்கு.

"அப்—"

குரல் நின்றது. சொல் முடியாமல் பாதியில் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. சன்னலில் சொட்டிய நீர் நின்றது. பக்கத்தில் நின்றவளும் இல்லை. நான்கு நிமிடம். கருப்புத் திரையில் வெள்ளை வரிகள் மேலே ஓடின. அவன் குளியலறைக்கு ஓட எழுந்தான். எழுந்தானா என்று தெரியவில்லை. கால் இருக்கிற இடம் தெரியவில்லை.

பிறகு ஃபிரிட்ஜ் முனகியது.

வீட்டில் இருப்போர்: 3.

ஓடினான். படுக்கையறையில் அவள் இருந்தாள். ஒருத்திதான். குளியலறையில் காற்று வெறும் காற்றாக இருந்தது. மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டான். சுடவில்லை, சில்லிடவும் இல்லை. எந்த வாசனையும் இல்லை.

"எலி, எப்படிடா இருக்கு? அப்பாவைத் தெரியுதா?"

"எலி," என்றாள். "ஆறு. நாலு பி."

"என்னடா?"

"எலி. ஆறு. நாலு பி."

போன வாரம் விழுந்த முன்பல் அந்த வாயில் விழாமல் இருந்தது. கண் இருந்தது, மூக்கு இருந்தது. ஆறு வயதுக் குழந்தைக்கு இருக்க வேண்டியதெல்லாம் இருந்தது. எந்த ஆறு வயதுக் குழந்தைக்கும். தாளைப் பார்த்தான். வெள்ளைத்தாள். அவளைப் பற்றிய மற்றதையெல்லாம் எங்கே எழுதினோம்? அவள் பாட்டு. அவள் பயம். அவள் தூங்கும்போது பிடிக்கும் காது. எழுதவில்லை. படிவம் கேட்கவில்லை. அவனும் எழுதவில்லை.

போன் அடித்தது. மனைவி. எடுத்தான்.

"அம்மா," என்றாள் அவள். "முப்பத்தாறு. நாலு பி."

போன் கையிலிருந்து விழுந்தது. தரையில் கிடந்தபடி அது சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் மகளின் தோள்களைப் பிடித்து உலுக்கினான். அவளைக் கூப்பிட வேண்டும். குளியலறையில் மூச்சு முட்டியவளை. உண்மையானவளை. அவள் பேர் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்து கத்தினான்.

"அப்பா," என்றது அவன் வாய். "முப்பத்தெட்டு. நாலு பி."